மாசி பத்தும் பெப்ரவரி பத்தும்

அன்றைக்கு அந்த ஸ்கேன் அறைக்குள் இருந்தவர்கள் இவர்கள்தான்: கட்டிலில் நான். தலைமாட்டில் என் வீட்டுக்காரர், கல்யாண வீடுகளுக்கு மட்டும் போடுகிற சட்டையோடு. மெஷினுக்கு முன்னால் பெரிய டொக்டர், சிங்களவர். அவருக்குப் பக்கத்தில் யாழ்ப்பாணத்துச் சின்ன டொக்டரம்மா. கதவோரம் ஒரு நர்ஸ். வெளியே நிற்கச் சொல்லியும் நிற்காமல் உள்ளே வந்துவிட்ட என் மாமியார். ஆக மொத்தம் ஆறு பேர். ஏழாவது ஆள் என் வயிற்றுக்குள் இருந்தது. அதை எப்போது வெளியே எடுப்பது என்பதுதான் மற்ற ஆறு பேருக்கும் பேச்சு.

நான் எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மஸ்கெலியாப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். இயல்பிலேயே பயந்த ஆள். லயத்து வரிசை வீட்டில் எங்கள் காம்பிராவைப் பூட்டினேனா என்று பாதி மலை ஏறிய பிறகு திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். கூட வேலை செய்கிறவர்கள், "ஒன் வீட்டுல திருடன் வந்தா அவன்தான் பாவம் பாத்து எதையாச்சும் வச்சுட்டுப் போகணும், என்னாத்த போயி பாக்குற?" என்று சிரிப்பார்கள். அப்படிப்பட்ட எனக்கு முதலில் உண்டான கரு மூன்றாம் மாதமே கலைந்து போனது. அதனால் இரண்டாவது உண்டானபோது நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் போய்விடும் என்று ஒரு பயம். வீட்டுக்காரருக்கே மூன்றாம் மாதம்தான் சொன்னேன். கிளினிக்குக்குப் போகும்போது நாலு மாதம் முடிந்திருந்தது. முதல் ஸ்கேனுக்குப் போக வேண்டிய நாளில் மழையில் ரோட்டில் மண் சரிந்து பஸ் ஓடவில்லை. அது ஆறாம் மாதத்துக்குத் தள்ளிப்போனது. அவ்வளவு பிந்தினால் ஸ்கேனில் நாள் சரியாகத் தெரியாதாம், நான் சொல்கிற தேதிதான் கணக்கு.

டவுன் ஆஸ்பத்திரியில் கார்ட் போட்ட அன்றைக்கு எனக்கு ஒரு சந்தோஷம் கிடைத்தது. என்னிடம் பேசிய டொக்டரம்மா தமிழ். எங்கள் தமிழ் இல்லை, யாழ்ப்பாணத் தமிழ். ஆனாலும் தமிழ்தானே. எங்கள் தோட்டத்துக்கு வருகிற மிட்வைஃப் மிஸ் சிங்களம். தங்கமான மனுஷி. நமக்கு விளங்காது என்று தெரிந்து, சுவரில் இருக்கிற கலண்டரைக் கழற்றி மடியில் வைத்து, "எந்த நாள், விரல் வை" என்பார். விரலை வைப்போம். அன்றைக்கு அந்தத் தொல்லை இல்லை.

"கடைசியா எப்ப குளிச்சனீங்கள்? நாள் நினைவிருக்கே?" என்று மாதவிலக்கு வந்த நாளைக் கேட்டார் டொக்டரம்மா.

எனக்கா நினைவிருக்காது? "நாள் வந்தது மாசி பத்துங்க. நல்லாத் தெரியும்" என்றேன்.

"அப்பிடித் திகதியோட சொல்லுற ஆக்கள் குறைவு, நல்லது" என்று எழுதிக்கொண்டார். நான் பெருமையோடு பஸ் ஏறி வந்தேன்.

அதற்குப் பிறகு வயிறு வளர வேண்டிய கணக்குக்கு வளரவில்லை. மிட்வைஃப் மிஸ் நாடாவை வைத்து அளந்து பார்ப்பார், முகத்தைச் சுளிப்பார், இன்னொரு தடவை அளப்பார். லயத்தில் எல்லாருக்கும் என் வயிறுதான் பேச்சு. "புள்ளையக் கொழுந்துக் கூடைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கியாடி?" என்று ஒருத்தி கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், பிறகு காம்பிராவுக்கு வந்து அழுதேன். கிளினிக்கில் கொடுத்த திரிபோஷா சத்துமாவை வீட்டில் யாருக்கும் கொடுக்காமல் நானே தின்றேன். அதைச் சாப்பிட்டு நான்தான் கொஞ்சம் சதை போட்டேன்.

புரட்டாசி பிறந்ததும் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பண்ணிவிட்டு, வீட்டுக்குப் போக வேண்டாம், வோட்டில் தங்கி நில்லுங்கள் என்றார்கள். பிள்ளை சின்னதாக இருக்கிறது. கர்ப்பப்பையில் ஒட்டியிருக்கிற நஞ்சிலிருந்து கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகிற ரத்தம் தாராளமாகப் போகவில்லை. உள்ளேயே விட்டால் பட்டினி கிடக்கும், ஒரு நாள் துடிப்பு நின்றும் போகலாம். அவசரப்பட்டு எடுத்தால் நுரையீரல் முற்றியிருக்காது, மூச்சு விடக் கஷ்டப்படும். இவ்வளவையும் சின்ன டொக்டரம்மா என் கட்டிலில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். "முப்பத்து நாலு கிழமை முடிய எடுப்பம் எண்டு பெரிய டொக்டர் சொல்லுறார். இன்னும் பதினாலு நாள்தான்."

பார்க்க வந்த மாமியாரிடம் இதைச் சொன்னேன். அவர் விரல் மடித்து எண்ணினார். எண்ணி முடித்ததும் முகம் இருண்டது.

"அப்ப எட்டாம் மாசம்ல வருது? எட்டுல எடுத்த புள்ள தங்காதுடி. ஏழுன்னாலும் பரவால்ல, ஒம்பதுன்னாலும் பரவால்ல. எட்டு ஆவாது."

"அதெல்லாம் அந்தக் காலம் அத்தை. டொக்டருங்க வாரக் கணக்குல பாக்குறாங்க."

"நானும் கேட்டேன், சதி சதின்னுதான் பேசிக்கிறாங்க. சதி பண்றவங்ககிட்டயா புள்ளையக் குடுக்கிறது?"

சிங்களத்தில் வாரத்துக்குச் சதி என்று பெயர் என்பது அவருக்குத் தெரியாமலில்லை. கோபம் வந்தால் அவருக்குத் தெரிந்த சிங்களம் எல்லாம் மறந்துவிடும்.

அதற்கு மறுநாள் காலையில்தான் அது என் காதில் விழுந்தது. பெரிய டொக்டர் கட்டில் கட்டிலாகப் பார்த்து வந்தார். பின்னால் ஏழெட்டுப் பேர். என் கட்டிலுக்கு வந்ததும் ஒரு நர்ஸ் என் கார்டைப் பார்த்துச் சிங்களத்தில் வாசித்தார். கார்டில் எல்லாம் இங்கிலீஷ் எழுத்து, அதுவரை நான் அதைத் திறந்து பார்த்ததே இல்லை. ஆனால் மாதப் பெயரும் எண்ணும் சிங்களத்தில் கேட்டால் விளங்கும். "பெபரவாரி தஹய" என்றார். பெப்ரவரி பத்து.

அவர்கள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்கள். நான் சீலிங்கைப் பார்த்தபடி படுத்திருந்தேன். பெப்ரவரி பத்தாம் தேதி மாசியே பிறந்திருக்காது. தை கடைசியாக இருக்கும். மாசி பத்து என்றால் பெப்ரவரி மாதத்தில் இருபதுக்கும் மேலே. ஒரு பன்னிரண்டு நாள் இடிக்கிறது.

எனக்கு அந்த நாளில் சந்தேகமே கிடையாது. என் சித்தப்பா மகளுக்கு வட்டகொடையில் கல்யாணம். பத்திரிகையில் மாசி மாதம் பத்தாம் நாள் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். இரவல் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு ரயிலில் போகிறேன், நாள் வந்துவிட்டது. சொல்லவும் முடியாது, திரும்பவும் முடியாது. தாலி கட்டுகிற நேரம் மண்டபத்துக்குள் போகாமல் செருப்பு கழற்றி வைத்த இடத்தில் நின்றேன். சித்தி வந்து, "ஏன்டி, செருப்புக்குக் காவலா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த நாளை எப்படி மறப்பேன்?

இதைச் சொல்வதா வேண்டாமா என்பது இப்போது படிக்கிறவர்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம். அன்றைக்கு மத்தியானம் முழுக்க எனக்கு அதே வேலைதான். சொன்னால், பிள்ளைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று தள்ளிப் போடுவார்கள். தள்ளிப்போட்ட நாட்களில் உள்ளேயே ஏதாவது ஆகிவிட்டால், அது என் வாயால் வந்தது. சொல்லாவிட்டால், முற்றாத பிள்ளையை முற்றிவிட்டது என்று நினைத்து எடுப்பார்கள். அது மூச்சுக்குத் திணறினால், அதுவும் என் வாயால்தான், வாயைத் திறக்காததால். இரண்டு பக்கமும் யோசித்து யோசித்துத் தலை கனத்துப் போனது. பயத்தில் ஒரு கட்டம் தாண்டினால் பயமும் இருக்காது, அசதி மட்டும்தான் இருக்கும். அதுவரை வந்துவிட்டேன். வெளியே மழை ஜன்னலில் ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தது. பிள்ளை உள்ளே அசைந்து துடித்தால் கோடு போட ஒரு அட்டை கொடுத்திருந்தார்கள். ஒரு கோடு போட்டேன். பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒன்று. அந்த இரண்டாவது துடிப்புக்குப் பிறகு எழுந்து, "மிஸ், தமிழ் டொக்டரம்மாவக் கொஞ்சம் கூப்பிடுறீங்களா?" என்றேன்.

சின்ன டொக்டரம்மா வந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் போல, கை ஈரமாக இருந்தது.

"டொக்டர், நான் மாசி பத்துன்னுதானே சொன்னேன்? கார்டுல பெப்ரவரி பத்துன்னு இருக்காம்."

"ஓம், மாசி எண்டா பெப்ரவரிதானே அம்மா?"

"இல்லீங்களே. மாசி வேற, பெப்ரவரி வேறங்க. மாசி பொறக்கிறதே பெப்ரவரி பாதியிலதாங்க."

அவர் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே கட்டில் ஓரத்தில் மெதுவாக உட்கார்ந்தார். "எங்கட பக்கம் தை எண்டா ஜனவரி, மாசி எண்டா பெப்ரவரி. அப்பிடித்தான் கதைக்கிறது. நீங்கள் கோயில் பஞ்சாங்கக் கணக்கே சொன்னனீங்கள்?"

"நாங்க எல்லாத்துக்கும் அந்தக் கணக்குதாங்க பாக்கிறது."

இரண்டு பேரும் தமிழ். நடுவில் மொழிபெயர்க்க ஆள் வேண்டியிருக்கவில்லை. அதனால்தான் இந்தப் பிழை வந்தது. மிட்வைஃப் மிஸ்ஸிடம் அன்றைக்குக் கார்ட் போட்டிருந்தால் கலண்டரில் விரலை வைத்திருப்பேன், சரியான நாள் எழுதப்பட்டிருக்கும். டொக்டரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "நல்ல காலம் இப்ப சொன்னனீங்கள். நான் போய்ப் பெரியவரிட்டச் சொல்லுறன்" என்று எழுந்தார். திட்டு வாங்கப் போகிற பிள்ளையின் நடை அது. எனக்கு அவர் மேல் பாவமாக இருந்தது.

அப்படித்தான் அடுத்த நாள் அந்த ஸ்கேன் அறையில் எல்லாரும் கூடினோம். வீட்டுக்காரரை டொக்டரே போனில் வரச் சொல்லியிருந்தார். மாமியாரை யாரும் வரச் சொல்லவில்லை.

பெரிய டொக்டர் என் வயிற்றில் ஜெல்லைத் தடவி ரொம்ப நேரம் பார்த்தார். ஜெல் ஐஸ் மாதிரி இருந்தது. பிறகு சிங்களத்தில் கேட்டார், சின்ன டொக்டரம்மா தமிழில் கேட்டார்: அந்த நாள் நிச்சயமா? வேறு ஏதாவது நாளோடு மாற்றி நினைக்கிறேனா?

நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் போனை நீட்டிவிட்டார். கல்யாண வீட்டுப் போட்டோ. மேலே தேதி தெளிவாக இருந்தது. போட்டோவில் எல்லாரும் சிரிக்கிறார்கள், கடைசியில் வாசலுக்கு வெளியே நான் மட்டும் செருப்புக் குவியலுக்கு நடுவில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறேன். "இந்த மூஞ்சியப் பாத்தாலே தெரியும் டொக்டர்" என்றார் வீட்டுக்காரர். நர்ஸ் சிரித்தார். பெரிய டொக்டரும் சிரித்துவிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தாலும் அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் அறையில் மூச்சு விட முடிந்தது.

பிறகு பெரிய டொக்டர் திரும்பி உட்கார்ந்து, சிங்களத்தில் தங்கச்சி என்று கூப்பிட்டு, தெரிந்த தமிழில் நேராக என்னிடம் பேசினார். "நங்கி, பிள்ளை சின்னது. அது சரி. ஆனா நான் நினைச்சது மாதிரி ரொம்ப சின்னது இல்ல. நாள் குறைவு, அதால. இப்ப எடுத்தா, மூச்சு கஷ்டம்." மீதியை அவர் சிங்களத்தில் சொல்ல, டொக்டரம்மா தமிழில் சொன்னார்: கொடியில் ரத்தம் தாராளமாகப் போகவில்லை, ஆனால் போகிறது. அப்படிப் போகிற வரைக்கும் உள்ளே இருக்கிற ஒவ்வொரு நாளும் பிள்ளைக்கு லாபம்.

அதுவரை சுவரோரம் நின்ற மாமியார் முன்னால் வந்தார். விரலை மடித்து மடித்து எதையோ எண்ணிக்கொண்டே இருந்தவருக்கு, இப்போது ஏதோ கண்டுபிடித்துவிட்டவர் மாதிரி முகம்.

"டொக்டரையா, ஒரு சின்ன விஷயம். மாசி பத்துன்னா, புரட்டாசி பத்துக்குத்தானே ஏழு மாசம் முடியுது? இன்னைக்குப் புரட்டாசி எட்டு. அப்ப புள்ள இன்னும் ஏழுலதான் இருக்கு?"

டொக்டரம்மா தலையாட்டினார்.

"அப்ப இன்னைக்கே எடுத்துடுங்க! நாளைக்கின்னாலும் சரி. எட்டு பொறந்துச்சுன்னா ஆவாது."

நேற்றுவரை எடுக்கவே கூடாது என்று நின்றவர். வீட்டுக்காரர், "அம்மா, சந்தையில பேரம் பேசுற மாதிரி பேசாத" என்று பல்லைக் கடித்தார். "நீ சும்மா இரு. ஒனக்கு என்னா தெரியும்? நாலு பெத்தவ நான்" என்றார் மாமியார். பெரிய டொக்டருக்கு என்ன நடக்கிறது என்று டொக்டரம்மா சிங்களத்தில் சொன்னார். எழுந்து கத்துவார் என்று நான் நினைத்தேன். அவர் அப்படிச் செய்யவில்லை. "அம்மே" என்று மாமியாரைக் கூப்பிட்டு, மெஷின் திரையைத் திருப்பிக் காட்டினார். மலை மலையாக ஒரு கோடு ஓடிக்கொண்டிருந்தது. "இது பிள்ளை ரத்தம். இந்த மலைக்கும் அடுத்த மலைக்கும் நடுவுல கோடு தரை வரைக்கும் விழக் கூடாது. விழுந்தா அன்னைக்கே எடுப்பேன், எட்டு மாசமா இருந்தாலும். விழாட்டி எடுக்க மாட்டேன், ஏழா இருந்தாலும்."

மாமியார் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "இவ்ளோ வேகமா ஓடுதே" என்று மட்டும் சொன்னார். பெரிய டொக்டர் என் பக்கம் திரும்பி, "நங்கி, சரியா?" என்று கேட்டார். என்னிடம் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சரி என்றேன். அதற்கு மேல் யோசிக்க என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

நுரையீரலுக்கு இரண்டு ஊசி போட்டார்கள். பிறகு காத்திருப்புதான். ஒருநாள் விட்டு ஒருநாள் ஸ்கேன். தினமும் வயிற்றில் பெல்ட்டைக் கட்டி இதயத் துடிப்பைக் கேட்பார்கள். குதிரை ஓடுகிற மாதிரி சத்தம் வரும், அது கொஞ்சம் மெதுவானால் நர்ஸைக் கூப்பிடுவேன். பக்கத்துக் கட்டிலுக்கு வருகிறவர்கள் பெற்று எடுத்துக்கொண்டு போவார்கள், புது ஆள் வருவார். நான் அங்கேயே கிடந்தேன். வீட்டுக்காரர் வேலை விட்டு இரண்டு பஸ் மாறி வருவார், சோற்றுப் பார்சலை வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போவார். பார்க்கிற நேரம் முடிந்து மணி அடித்தால் எழுந்து, "என்னா சொன்னாங்க?" என்பார். "இன்னும் விழலையாம்" என்பேன். "சரி" என்று போய்விடுவார். எங்கள் குடும்பப் பேச்சு அவ்வளவுதான் அப்போது.

புரட்டாசி பத்து வந்தது, போனது. மாமியார் அன்றைக்குப் போனில் கூப்பிட்டு, "எட்டு பொறந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எட்டாம் மாதத்தில் இரண்டு வாரம் போன பிறகு ஒரு காலையில் பெரிய டொக்டர் திரையைப் பார்த்தார், இன்னொரு தடவை பார்த்தார். அந்த மலைகளுக்கு நடுவில் கோடு தரையோடு படுத்துக் கிடப்பது எனக்கே தெரிந்தது. இத்தனை நாள் பார்த்துப் பார்த்து எனக்கும் படிக்கத் தெரிந்திருந்தது. "அத" என்றார். இன்றைக்கு. டொக்டரம்மா என் கையைப் பிடித்து, "கேட்டனீங்கள்தானே, இண்டைக்கு" என்றார். அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது கொட்டாவி.

ஒபரேஷன் மேசையில் நான் விழித்திருந்தேன். பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் இழுப்பது, தள்ளுவது எல்லாம் தெரிந்தது. வெளியே வந்ததும் அது அழவில்லை. பிறகு யாரோ வேறு அறையில் ரேடியோவை மெல்ல வைத்த மாதிரி ஒரு சத்தம். "பெண் பிள்ளை. தானாக மூச்செடுக்குது அம்மா" என்றார் டொக்டரம்மா. நிறை ஆயிரத்து இருநூற்று நாற்பது கிராம். துணிக்கு மேலாக ஒரு நொடி காட்டினார்கள். சுருங்கிய முகம், நெற்றியில் கவலைக் கோடு. என் முகம்தான்.

குறைமாதப் பிள்ளைகள் வோட்டில் ஐந்து வாரம் இருந்தோம். முதலில் மூக்கில் குழாய் வைத்துப் பால், பிறகு சின்னக் கோப்பையில், பிறகு மார்பில். பிள்ளையைச் சட்டைக்குள் விட்டு நெஞ்சோடு கட்டிக்கொண்டு கதிரையிலேயே நாள் முழுக்க இருப்பேன். கழுத்து விட்டுப்போகும். தினமும் காலையில் நிறுப்பார்கள். முதல் வாரம் குறைந்தது, பிறகு இருபது முப்பது கிராமாகக் கூடியது.

மாமியார் மூன்றாம் வாரம்தான் பார்க்க வந்தார். கண்ணாடிக்கு வெளியே நின்று ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார்: எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்க வேண்டும் என்று டவுன் அந்தோணியார் கோயிலில் நேர்ந்துகொண்டாராம். நாங்கள் வேதக்காரர்கள் இல்லை. "நம்ம சாமிக்கெல்லாம் எட்டாம் மாசம் ஆவாதுன்னு தெரியும்டி, போயி என்னான்னு கேக்கிறது? அந்தோணியாருக்கு அந்தக் கணக்குத் தெரியாது" என்றார். உயிரோடு வீட்டுக்கு வந்தால், வருகிற அன்றைக்கு என்ன நிறையோ அதற்குக் கிராமுக்கு ஐந்து ரூபாய். கிராம் எவ்வளவு சின்னது என்று கேள்விப்பட்டு, கொஞ்சமாகத்தான் வரும் என்று நினைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அவர் போன் வரும். "இன்னைக்கு எவ்ளோ?" "முப்பது கிராம் கூடியிருக்கு அத்தை." "முப்பதா! நூத்தம்பது ரூபா போச்சே" என்பார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். ஒருநாள் கூடவில்லை என்றேன். "ஏன், பால் குடுக்கலியா? காச மிச்சம் புடிக்கிறியா நீ?" என்று சண்டைக்கு வந்தார். அன்றைக்குத்தான் பல நாட்களுக்குப் பிறகு சிரித்தேன்.

இப்போது அவளுக்கு மூன்று வயது. வயதுக்குச் சின்னவள்தான். நான் வேலைக்குப் போகும்போது பிள்ளை மடுவத்தில் விட்டால் எல்லாரையும் கடித்து வைக்கிறாள் என்று ஆயம்மா முறைப்பாடு சொல்கிறார். அவள் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரலை வைத்துப் பார்ப்பதை நான் இன்னும் விடவில்லை.

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்த அன்றைக்கு அவள் ஆயிரத்து எண்ணூற்று அறுபது கிராம் இருந்தாள். அதற்கு ஒன்பதாயிரத்து முந்நூறு ரூபாய். சம்பளத்துக்குச் சம்பளம் மாமியார் பஸ் ஏறிப் போய்க் கொஞ்சம் கொஞ்சமாக உண்டியலில் போட்டதில் இதுவரை இரண்டாயிரத்து ஐந்நூறு முடிந்திருக்கிறது. அந்தோணியாருக்கு இன்னும் ஆறாயிரத்து எண்ணூறு ரூபாய் பாக்கி.